ஈடாகக் கொடுத்த காடு

அண்டனனாரிவோ

அண்டனனாரிவோவில் பொழுது விடியும் முன்பே தெருவோரக் கரியடுப்புகள் புகையத் தொடங்கிவிடுகின்றன. குழிகள் வைத்த இரும்புச் சட்டியில் புளித்த அரிசிமாவை ஊற்றி, குச்சியால் புரட்டிப் புரட்டிச் சுட்டெடுக்கிறார்கள். மோஃபோ காசி என்று பெயர். நம் ஊர் இனிப்புப் பணியாரமேதான், ஏலக்காய் மட்டும் கிடையாது. விற்ற அம்மா நான் ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னும் இரண்டை இலையில் வைத்தார். மடகாஸ்கர்க்காரர்களுக்கு மூன்று வேளையும் சோறு. சோறு வடித்த சட்டியின் அடியில் தீய்ந்த பருக்கைகளில் நீரூற்றிக் கொதிக்கவைத்து, அதையே சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே கிடக்கும் தீவு என்றாலும், இவர்களின் முன்னோரில் ஒரு பாதி போர்னியோ பக்கமிருந்து கடல் கடந்து வந்தவர்கள். நெல்லும் அவர்களோடு வந்தது.

சோற்றுக்காக நான் வரவில்லை. கிழக்கு மலைகளில் ஒரு சுரங்க நிறுவனம் காட்டை வெட்டிவிட்டு, அதற்கு ஈடாக வேறு காடுகளைக் காவல் காக்கிறது என்று படித்திருந்தேன். அந்த ஈடு எப்படியிருக்கிறது, அதைக் கொடுப்பது உண்மையில் யார் என்று நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இந்தியாவிலும் இந்த வழக்கம் உண்டு. சுரங்கத்துக்கோ அணைக்கோ காட்டு நிலம் கொடுத்தால், அதற்குப் பதில் வேறிடத்தில் மரம் நட வேண்டும். 2016-இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்கும் நகரத்துக்குமாக ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு போகப்போகிறது. அதற்கான ஈட்டு மரங்களை ஹரியானாவில் நடுவதாகத் திட்டம். கடலாமை முட்டையிடும் தீவுக்கு ஈடாக, கடலையே காணாத மாநிலத்தில் மரக்கன்று. இதைப் படித்த நாளிலிருந்து என் மனம் ஆறவில்லை. இதைவிட நன்றாகச் செய்த இடம் ஏதேனும் உண்டா என்று தேடியபோதுதான் மடகாஸ்கரின் அம்பாடோவி சுரங்கம் கண்ணில் பட்டது.

கிழக்கே போகும் இரண்டாம் எண் தேசியச் சாலையில் கிளம்பினோம். தொடக்கத்தில் செம்மண் குன்றுகள், படிக்கட்டு வயல்கள், செங்கல் சூளைகள், திமில் வைத்த மாடுகள். பிறகு யூகலிப்டஸ் மரங்கள் ஆரம்பித்தன. சாலையின் இருபுறமும் புல்லால் வாய் கட்டிய கரிமூட்டைகள் வரிசையாக நின்றன. தலைநகரத்தின் அடுப்புகள் எல்லாம் இந்த மூட்டைகளில்தான் எரிகின்றன. யூகலிப்டஸ் இல்லையென்றால் இயற்கைக் காடு இன்னும் வேகமாகக் கரியாகியிருக்கும் என்றார் வண்டியோட்டி. நீலகிரியில் சோலையையும் புல்வெளியையும் அழித்து நட்ட அதே மரம் இங்கே காட்டுக்குக் கவசமாக நிற்கிறது. அந்த மரத்தின்மேல் எனக்கிருந்த கோபத்தை இந்த ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை.

மொராமங்கா

மலையிறங்கினால் மொராமங்கா. லாரிகள் நின்று இளைப்பாறும் ஊர். 1947-இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, இங்கே ரயில் பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த கைதிகளைக் காலனியப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். ஊரில் அதற்கு நினைவிடம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் மரவள்ளிக் கீரையை இடித்துப் பன்றிக் கறியோடு வேகவைத்த ரவிடோடோ கிடைத்தது. கரும்பச்சையாக, பார்வைக்குச் சாதுவாக இருக்கும், ருசியோ அபாரம். மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்த நாம் அதன் கீரையைச் சீண்டுவதே இல்லை.

சுரங்கம் இந்த ஊருக்கு வடகிழக்கே இருக்கிறது. நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. தொலைவிலுள்ள ஒரு மேட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பச்சை மலைமுகட்டில் பரவலாகச் சிவப்பு. சுரங்கம் என்றதும் நமக்கு ஆழமான குழிதான் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. இங்குள்ள நிக்கலும் கோபால்ட்டும் செம்புரை மண்ணில், மேற்பரப்பை ஒட்டியே கிடக்கின்றன. அதனால் ஆழமாகக் குடைய வேண்டாம், மேலே இருக்கும் காட்டை அகலமாக உரித்தால் போதும். உரித்தெடுத்த மண்ணை நீரில் குழைத்து 220 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கடற்கரை ஆலைக்கு அனுப்புகிறார்கள். 2006 டிசம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது, 2012-இல் உற்பத்தி தொடங்கியது. மடகாஸ்கர் வரலாற்றில் இவ்வளவு பெரிய முதலீடு அதற்கு முன் வந்ததில்லை.

நிக்கல் நமக்கு அந்நியப் பொருளில்லை. நல்ல ரக எவர்சில்வரில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல்தான். மின்சார வண்டிகளின் பேட்டரிகளில் பலவற்றுக்கும் நிக்கலும் கோபால்ட்டும் வேண்டும். அந்த மேட்டில் நின்றபோது, இது எங்கோ யாரோ செய்யும் காரியம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அந்த முகட்டில் நின்ற காடு சாதாரணக் காடும் இல்லை. இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் மரங்கள் உயரமாக வளர்வதில்லை. குட்டையாக, நெருக்கமாக, தனக்கென்று சில செடிகொடிகளோடு வளர்ந்த காடு அது. அதில் 2,064 ஹெக்டேர், நம் கணக்கில் 5,100 ஏக்கர், சுரங்கத்துக்குப் போனது. வெட்டும்போது ஒரே பக்கமிருந்து மெதுவாக வெட்டிக்கொண்டே போனார்கள், பக்கத்துக் காட்டுக்கு விலங்குகள் விலகிப் போக இடம் கிடைக்கட்டும் என்று. ஆர்க்கிட் செடிகளைப் பெயர்த்துப் பண்ணையில் வைத்தார்கள். இவ்வளவும் செய்த பிறகும் மிஞ்சுகிற இழப்புக்குத்தான் ஈடு. ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்த திட்டம் இது. கடன் கொடுப்பவர்களின் சுற்றுச்சூழல் நிபந்தனைகளுக்கு இதில் பெரிய பங்குண்டு.

ஈட்டுக்கு நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுரங்கத்தைச் சுற்றி மிஞ்சிய காடு ஒன்று. அங்கிருந்து மன்டாடியா தேசியப் பூங்கா பக்கமாகப் போகும் காட்டுப் பட்டை இன்னொன்று. டொரோடொரோஃபோட்சி சதுப்பு நிலம் மூன்றாவது. நான்காவதான அன்கெரானா, சுரங்கத்திலிருந்து வடகிழக்கே 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மலை. அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் அதே வகை மண், அதன்மேல் அதே வகைக் குட்டைக் காடு. இதை அறிந்தபோது எனக்குக் கிரேட் நிக்கோபாரும் ஹரியானாவும்தான் நினைவுக்கு வந்தன. போனது எதுவோ அதைப் போன்ற ஒன்றையே திருப்பித் தர வேண்டும் என்ற பொறுப்பாவது இங்கே இருந்திருக்கிறது.

டொரோடொரோஃபோட்சி

செம்மண் பாதை முடிந்ததும் நடை. மழைக்காலத்தின் முதல் மழைகள் விழுந்திருந்த நவம்பர் இறுதி. சதுப்பு நிலம் கண்ணுக்கெட்டிய வரை கோரைப்புல்லாக விரிந்து, ஓரத்தில் காடு சூழ்ந்து கிடந்தது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2005-இல் சேர்ந்த இடம் இது. குரங்கின் தூரத்து உறவான லெமூர்களில் ஒன்று, பெரிய மூங்கில் லெமூர், இங்கே இருக்கிறது. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த விலங்கு, 1980-களில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. பச்சை மூங்கில் குருத்திலுள்ள சயனைடு நமக்கு நஞ்சு. அது நாள்முழுக்க அதையே தின்று வாழ்கிறது. கடித்துத் துப்பிய மூங்கில் மட்டைகளை மட்டும் பார்த்தேன். விலங்கு கண்ணில் படவில்லை.

கண்ணில் பட்டது தங்க மான்டெல்லாத் தவளை. வழிகாட்டி இலைச் சருகை விரலால் மெல்ல ஒதுக்கினார். ஈரச் சருகுக்கு நடுவே, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, பழுத்த ஆரஞ்சு நிறம், கறுத்த கண். தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒளியவில்லை, நகரவும் இல்லை. தன் தோலில் நஞ்சு இருப்பது அதற்குத் தெரியும்போல. உலகத்தில் மொராமங்காவைச் சுற்றிய காடுகளில் மட்டும்தான் இந்தத் தவளை வாழ்கிறது. குட்டைக்கு அருகே சருகில் முட்டையிடும், மழை வந்து தலைப்பிரட்டைகளைக் குட்டைக்குள் அடித்துச் செல்லும். ஆகவே காடு இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குட்டையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். சுரங்கத்தின் எல்லைக்குள் அப்படிச் சில குட்டைகள் அகப்பட்டுக்கொண்டன. அங்கிருந்த தவளைகளைப் பிடித்து வந்து, அந்தாசிபேயில் மித்சின்ஜோ என்ற உள்ளூர் அமைப்பு வளர்த்து இனம் பெருக்கியது. பிறகு வேறு குட்டைகளில் கொண்டுபோய் விட்டார்கள்.

தவளையை ஹெக்டேரில் அளக்க முடியாது. ஈட்டுக் கணக்கு காட்டின் பரப்பை எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் செயற்கைக்கோள் படத்தில் தெரிவது அதுதான். ஒரு குட்டை போய் இன்னொரு குட்டை வந்தால் தவளைக்குச் சரியா, தவறா என்பது அந்தப் படத்தில் தெரியாது. சருகை ஒதுக்கிப் பார்க்கும் ஆள் வேண்டும், அதுவும் வருஷா வருஷம்.

அந்தாசிபே

அந்தாசிபேயில் இரவெல்லாம் மழை. காலையில் காடு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டி முன்னால் நடந்தபடி, "பேசாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடும்" என்றார். ஆரம்பித்தது. முதலில் உறுமல் போல ஒன்று. அடுத்து நீண்டு உயர்ந்து இறங்கும் ஓலம். ஒரு குடும்பம் முடிக்கும் முன்பே அடுத்த மலைச்சரிவிலிருந்து இன்னொரு குடும்பம் எடுத்துக்கொண்டது. இந்திரி லெமூர்களின் பாட்டு இது. மூன்று கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். என் மார்புக்கூட்டுக்குள் அதிர்ந்தது. வழிகாட்டி பலநூறு தடவை கேட்டிருப்பார், ஆனாலும் அவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

இருக்கிற லெமூர்களிலேயே பெரியது இந்திரி. கறுப்பு வெள்ளை உடம்பு, பேருக்கு ஒரு வால். இலை தின்னும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டி. கூண்டில் வைத்து வளர்க்க முயன்றவர்கள் எல்லாரும் தோற்றார்கள். காட்டில் இல்லையென்றால் எங்கேயும் இல்லை. தேன் எடுக்க மரமேறித் தவித்த மனிதனை இந்திரி முதுகில் சுமந்து காப்பாற்றியதாக ஒரு கதை உண்டு. அதனால் இதைக் கொல்வது விலக்கு. பல ஊர்களில் இன்னும் அந்த விலக்கைக் காக்கிறார்கள், சில ஊர்களில் வறுமை அதைத் தளர்த்திவிட்டது.

இளைப்பாற உட்கார்ந்தபோது ஈட்டைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் ஒரு குச்சியால் மண்ணில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்று சுரங்கம், அது போய்விட்டது. இன்னொன்று காவல் போட்ட காடு. "இந்தக் காடு முன்பே இருந்ததுதான். புதிதாக யாரும் வளர்க்கவில்லை. காவல் இல்லாவிட்டால் இதில் எவ்வளவு அழிந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அழியாமல் நின்றதுதான் ஈடு" என்றார். இவ்வளவு தெளிவாக எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைத் தனியே போட்டுப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். காவல் போட்ட காட்டையும், அதே சரிவும் உயரமும் சாலைத் தூரமும் கொண்ட காவல் இல்லாத காட்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார்கள். 2020 ஜனவரி வரை சுமார் 1,644 ஹெக்டேர் காடு அழியாமல் நின்றிருக்கிறது. சுரங்கத்துக்காக வெட்டியதில் அது 79 விழுக்காடு. 2021 முடிவதற்குள் முழு ஈடும் நேராகிவிடும் என்பது அவர்களின் மதிப்பீடு. துல்லியமான எண் இதுவென்று அவர்களும் சொல்லவில்லை. கூடக் குறைய இருக்கலாம், அந்த இடைவெளி பெரியது. நான்கு இடங்களிலும் பலன் கிடைத்துவிடவில்லை, இரண்டில்தான் காடழிப்பு தெளிவாகக் குறைந்தது. அதில் அன்கெரானா ஒன்று.

இது பெரிய காரியம், மனதாரச் சொல்கிறேன். உலகம் முழுக்க ஈடு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை இப்படி வெளியார் சோதனைக்கு நின்றதே இல்லை. நட்ட மரக்கன்றில் எத்தனை பிழைத்தது என்றுகூடச் சொல்லமுடியாத நாட்டிலிருந்து போன எனக்கு அந்த ஆய்வு மரியாதையை உண்டாக்கியது. ஆனால் வழிகாட்டியின் இரண்டாவது வட்டத்தை விட்டு என் கண் நகரவில்லை. அழிந்திருக்கக்கூடிய காடு என்றால், யாரோ அழித்திருப்பார்கள் என்று பொருள். அவர்களைத் தடுத்ததால்தான் சுரங்கத்துக்கு ஈடு கிடைத்தது. அவர்கள் யார்?

பிரிக்காவில்

காடு முடிந்து மலைகள் தாழத் தாழ வெக்கை ஏறியது. விசிறி போல மட்டை விரிக்கும் ரவினாலா மரங்கள் சரிவெங்கும் நின்றன. காடு எரிந்த இடத்தில் பெருகுவது அதுதான் என்பதால், அந்த அழகை ரசிக்க மனம் வரவில்லை. அங்கங்கே கறுத்த சரிவுகள் இன்னும் புகைந்தன. மழைக்கு முன் காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்து, சாம்பலில் குச்சியால் குழி போட்டு நெல் விதைப்பது இங்கே காலங்காலமாக வரும் வேளாண்மை. டாவி என்கிறார்கள். நம் சங்கப் பாட்டுக் குறவர்களும் மரத்தை வெட்டிச் சுட்டுத்தான் தினைப்புனம் போட்டார்கள். பாட்டில் அது வளமாகத் தெரிகிறது, அறிக்கையில் அழிவாகத் தெரிகிறது. இரண்டும் உண்மை. சனத்தொகை குறைவாக இருந்தபோது நிலம் பல வருஷம் தரிசாகக் கிடந்து மீண்டும் காடானது. இப்போது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது, மண் தேறுவதற்குள் மறுபடியும் தீ.

பிரிக்காவில் ஊர்ச் சந்தையில் லிச்சிப் பழம் குவிந்திருந்தது. வாழைத்தார் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவோடு வண்டியோட்டி பேச்சுக் கொடுத்து எனக்கு எடுத்துச் சொன்னார். அவர் ஊர் அன்கெரானா பக்கம் இல்லை, காவலில் இருக்கும் வேறொரு காட்டின் ஓரம். மலையிலிருந்து தலைச்சுமையாகத் தாரைக் கொண்டுவந்திருக்கிறார்.

"காடு வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. காடு இருந்தால்தான் தண்ணீர். ஆனால் எனக்கு ஐந்து பிள்ளைகள். அப்பா வெட்டிய நிலம் ஐந்தாகப் பிரியுமா? முன்னால் என்றால் கடைசிப் பிள்ளை மேலே ஏறிப் புது நிலம் வெட்டுவான். இப்போது வெட்டினால் சிறை."

"அதற்குப் பதிலாக ஏதாவது கிடைத்ததா?"

பாட்டி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்புக் காய்த்து, வாழைக்கறை படிந்து கறுத்திருந்தது. "ஆண்டில் மூன்று மாதம் அரிசி போதாது. அந்த மூன்று மாதத்துக்கு யார் பதில் சொல்வது?" என்றார். சொல்லிவிட்டு, விலை பேசாமல் எனக்கு ஒரு சீப்பைப் பிய்த்துக் கொடுத்தார். காசை வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்கெரானாவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆய்வாளர்கள் தங்கிக் கேட்டறிந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். 2017-இல் வந்த அந்த ஆய்வின்படி, வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உடனே வந்தது, பிழைப்புக்கான உதவித் திட்டங்கள் தாமதமாக வந்தன. வந்ததும் அதிகம் இழந்தவர்கள் கையில் போய்ச் சேரவில்லை. காட்டையே நம்பி உள்ளே இருக்கும் ஊர்கள் எட்டாத் தொலைவில் இருக்கின்றன, உதவி பாதையோரத்திலேயே நின்றுவிடுகிறது. நம் ஊரிலும் மலைக்கிராமத்துக்குப் போகும் திட்டம் அடிவாரத்தோடு முடிந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஈட்டுக் கணக்கில் காடு நேராகியிருக்கலாம். அந்தக் காட்டைக் கொடுத்தது சுரங்கம் என்று எழுதியிருக்கிறது. விதைக்காமல் விட்ட நெல்லாக அதைக் கொடுத்தவர்கள் நிக்கலைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். உலகச் சந்தையில் நிக்கலின் விலையில் இந்த மூன்று மாத அரிசியும் சேர்ந்திருக்க வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுக்கும் உதவியாக அதைச் செய்யக் கூடாது. சுரங்கத்தின் செலவு என்று எழுதி, கட்டுப்பாடு வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். இயந்திரத்துக்கும் குழாய்க்கும் முன்பணம் கொடுத்துத்தானே வேலை தொடங்குகிறது?

டோமசினா

சாலை கடலில் முடிகிறது. டோமசினாதான் இந்தத் தீவின் பெரிய துறைமுகம். உப்புக் காற்று, மூன்று சக்கர பஜாஜ் ஆட்டோக்கள், ஐரோப்பாவுக்குப் போகும் லிச்சிப் பெட்டிகள், கிராம்பு வாசம். ஊருக்குத் தெற்கே ஆலை. மலையிலிருந்து குழாயில் வந்த மண் இங்கேதான் அமிலத்தில் வெந்து உலோகமாகிறது.

கடற்கரைக் கடையில் ஆலையில் வேலை செய்யும் ஒருவரோடு உட்கார நேர்ந்தது. வறுத்த மீனும் மாங்காய் ஊறுகாயும் சோறும். ஊறுகாயில் மஞ்சளும் மிளகாயும் தாராளம், நெடுநாள் கழித்து என் நாக்கு உயிர் பெற்றது. உள்ளங்கையில் அடங்கும் வில்லைகளாக நிக்கல் வெளிவரும் என்று கையைக் குவித்துக் காட்டினார். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியிருக்கிறார், இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறார். பெண்களின் படத்தைப் போனில் காட்டும்போது முகம் மலர்ந்தது.

சந்தைப் பாட்டி சொன்னதை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுரங்கம் வராமல் இருந்தால் அந்த மலைக்குக் காவல் போடப் பணம் யார் கொடுத்திருப்பார்கள்? அரசாங்கமா? இதற்குள் மொத்தமும் எரிந்திருக்கும். அப்போது காடும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை" என்றார். இதற்கு என்னிடம் மறுப்பில்லை. காவலுக்குப் பணம் சுரங்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். எனக்கு அதுவேதான் கவலையும். தாது ஒருநாள் தீரும். வெட்டிய முகட்டில் குட்டைக் காடு பழையபடி வர எத்தனை தலைமுறை ஆகுமோ. ஈட்டுக்காடு அதுவரைக்கும் நிற்க வேண்டும், அதற்கும் பிறகும் நிற்க வேண்டும். கடைசி வில்லை கப்பலேறிய மறுவருஷம் காவல்காரருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அதற்கென்று இப்போதே தொகை ஒதுக்கி, யாரும் தொடமுடியாதபடி வைக்க வேண்டும் என்று நான் நினைப்பதையும் சொன்னேன்.

"மலைக்காரர்களுக்கே அந்தச் சம்பளத்தைப் போட்டுவிடலாம், காடு எங்கே எரிகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, அவர்கள் கீழே இறங்கி வந்து வேலை பார்ப்பதுதான் நல்லது என்று மாற்றிச் சொன்னார். அவருடைய அப்பா அப்படித்தான் மலையிலிருந்து இறங்கி வந்தாராம். தம்பி மட்டும் வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் கேட்காமல் தாத்தாவின் சரிவிலேயே நெல் விதைத்துக்கொண்டிருக்கிறான், இந்த வருஷமும் விதைத்துவிட்டதாகப் போன வாரம்தான் ஆள் சொல்லியனுப்பினானாம்.